மணல்வாரி வராத வீடு

என் மகனுக்கு ஒன்பதாவது மாதம் முடிந்ததும் தட்டம்மைத் தடுப்பூசி போட்டேன். அதை நாலைந்து வருஷம் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைக்கு ஊசி போட்டதை ஒருத்தி மறைப்பாளா என்று கேட்டால், நான் மறைத்தேன். அதனால் என்ன ஆனது என்பதை எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்து, வேறு எதையாவது எழுதிவிட்டு எழுந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. நான் கல்யாணமாகி வந்த ஊர் இடைசெவல் பக்கம், பெரிய ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. ரோடு பிரிகிற விலக்கோடு பஸ் சரி, ஊருக்குள் வராது. மாதத்தில் ஒரு புதன்கிழமை நர்சம்மா அந்த விலக்கில் இறங்கி, நீல நிற ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வருவார். மழைக்காலமானால் செருப்பு கையில் இருக்கும். ஈரக் கரிசல் செருப்போடு யாரையும் நடக்க விடாது. பால்வாடியில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டு, சொட்டு மருந்தும் கொடுத்துவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குத் திரும்ப நடப்பார். பால்வாடி எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வாசல். உலை வைத்துவிட்டுப் போனால் கொதிப்பதற்குள் வந்துவிடலாம்.

எனக்கும், எங்கள் தெருக் கடைசியில் இருந்த ஆட்டுக்காரர் வீட்டு மருமகளுக்கும் ஒரே ஐப்பசியில் பிள்ளை பிறந்தது. எனக்குப் பையன். பத்து நாள் கழித்து அவளுக்குப் பெண். அவள் என்னைவிட மூன்று நாலு வயது சின்னவள். மூன்றாம் வகுப்போடு ஆடு பத்தப் போனவள். நான் பன்னிரண்டாவது வரை படித்திருந்தேன். மருந்துப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது, பிள்ளைக்கு எத்தனை மாதத்தில் சோறு ஊட்டலாம், எதுவானாலும் என்னிடம் ஓடி வருவாள். "நீங்க சொன்னாச் சரிக்கா" என்பாள். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

முதல் தடுப்பூசிக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். என் பையனுக்குத் தொடையில் போட்டார்கள், அவள் பிள்ளைக்கும் போட்டார்கள். "காய்ச்சல் வரும், பயப்படாதீங்க. இந்த மாத்திரையில கால் பங்கு பொடிச்சுக் குடுங்க" என்று நர்சம்மா சொன்னார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. சாயங்காலம் பையனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. தொடை வீங்கிக் கல்லாகிவிட்டது. காலைத் தொட்டால் வீறிட்டான். என் மாமியார், "நல்லாயிருந்த பிள்ளையக் கொண்டுபோயி இப்படிக் கெடுத்துட்டு வந்துட்டியே" என்று ஒரே புலம்பல். முதல் பிள்ளை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் காலையிலேயே கோவில்பட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழந்தை டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சிரித்தார். "ஒண்ணுமில்ல. இந்த ஊசிக்கு இப்படித்தான் வரும். ரெண்டு நாள்ல வத்திரும். ஒங்க ஊர் நர்சு சரியாத்தான் போட்டிருக்காங்க. நானும் இதே மருந்தத்தான் போடுவேன். அடுத்ததையும் அங்கனயே போட்டுக்கோங்க, எதுக்கு அலையுதீங்க?" என்றார்.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன்பே நான் ஒரு வேலை செய்திருந்தேன். விடிந்ததும் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கிற பத்துப் பெண்களுக்கு முன்னால் நின்று, நர்சம்மாவை வாய்க்கு வந்தபடி பேசியிருந்தேன். பழைய மருந்து என்றேன். ஐஸ் பெட்டியில் ஐஸே இல்லை என்றேன். நான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததே கிடையாது. படித்தவள் சொல்கிறாளே என்று எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். டாக்டரிடமிருந்து திரும்பி வந்தபோது, அதே அடிபம்படியில் போய், "நான் சொன்னது தப்பு, டாக்டர் இப்படிச் சொன்னார்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அன்று சாயங்காலம் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் பிள்ளைக்கு ஒன்றுமே செய்யவில்லை. லேசாக மேல் சுட்டதாம், பால் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டதாம்.

"எம்பிள்ளைக்கு ஒண்ணும் பண்ணலக்கா. அடுத்த ஊசிக்குப் போகவா, வேண்டாமா?"

"இன்னைக்கு ஒண்ணும் பண்ணல. அடுத்த வாட்டி என்ன பண்ணும்னு யாரு கண்டா?" என்றேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவிய என்னத்தச் சொல்லுவாவ. காய்ச்சலுக்கு மருந்து குடுத்தாவ."

இவ்வளவுதான் பேச்சு. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவ்வளவு சின்ன பேச்சு ஒரு பிள்ளையின் தலையில் போய் விடியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பொய் சொல்கிறோம் என்பது சொல்லும்போதே தெரிந்தது.

அடுத்த மாதம் என் வீட்டுக்காரரிடம், "ஊசிய நிறுத்தக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே" என்றேன். "பால்வாடிக்குப் போ" என்றார். "அவ்வளவு பேசிட்டு இப்பப் போயி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க?" என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனார். ஜவுளி எடுக்கப் போகிறோம் என்று தெருவில் சொன்னோம். அதற்கடுத்த மாதம் தங்கச்சியைப் பார்க்க என்று சொன்னேன். வெயிலில் விலக்கு வரைக்கும் நடந்து, பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறி, டாக்டர் வீட்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, நாலு வாசல் தள்ளிக் கிடைத்த அதே மருந்தை என் மகனுக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். தடுப்பூசி அட்டையை டிரங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

அவள் பால்வாடிக்குப் போகவில்லை. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் நிறுத்திவிட்டார்கள்.

ஆடி மாதம், புழுதிக் காற்று கண்ணைத் திறக்க விடாத ஒரு புதன்கிழமை, நர்சம்மா என் வீட்டுக்கே வந்தார். முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். நான் திட்டியது அவர் காதுக்குப் போகாமல் இருந்திருக்காது. ஆனாலும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஒங்க பையனுக்கு வெளிய போடுதீங்கன்னு நெனைக்கேன். சரிதான், எங்கன போட்டா என்ன" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கடைசி வீட்டுப் பிள்ளைக்கு ஒம்பது மாசம் முடிஞ்சுட்டு. மணல்வாரி ஊசி போடணும். நான் போனா, ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போறேன்னு பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிருது. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்க்கா, வந்துரும்."

தட்டம்மைக்கு எங்கள் பக்கம் மணல்வாரி என்றுதான் பெயர். உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்த மாதிரி இருக்கும்.

"சொல்லுதேன்" என்றேன்.

"இன்னைக்கே சொல்லுங்க. பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பேன்."

"சரி."

அவர் போன பிறகு நான் அரிசி களைந்தேன், பையனைக் குளிப்பாட்டினேன். வாசலில் நின்று கடைசி வீட்டைப் பார்த்தேன். போய்ச் சொன்னால், "நீங்கதானக்கா வேண்டாம்னீங்க?" என்று கேட்பாள். பிறகு, "ஒங்க பிள்ளைக்குப் போட்டாச்சா?" என்று கேட்பாள். அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டேன். பன்னிரண்டு மணிக்கு மேல் நர்சம்மா தனியாகப் பெட்டியோடு விலக்கைப் பார்த்து நடப்பது தெரிந்தது. அடுத்த மாதமும் நான் சொல்லவில்லை.

மாசியில் மணல்வாரி வந்தது. பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. முதலில் மேலத்தெருவில் இரண்டு பிள்ளைகள், பிறகு எங்கள் தெரு. அவள் பிள்ளைக்கும் கண்டுவிட்டது. வாசலில் வேப்பங்குழை சொருகினார்கள். அம்மன் வந்திருக்கிற வீடு என்று மருந்து மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. பிள்ளைக்குக் கண் கூசுகிறது என்று இருட்டறையிலேயே போட்டிருந்தார்கள்.

நான் போய்ப் பார்க்கவில்லை. என் பையனுக்கு வந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள், போகாதே என்றார்கள். அவனுக்கு வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எங்கள் வாசலிலும் ஒரு கொத்து வேப்பங்குழை சொருகி வைத்தேன். பயந்தவள் மாதிரி நடித்தேன். நான் செய்ததிலேயே எனக்கு ரொம்பக் கேவலமாகப் படுவது அந்தக் குழைதான்.

அம்மை இறங்கி, மூன்றாவது தண்ணீர் ஊற்றிய பிறகு அவள் வந்தாள். பிள்ளையைச் சேலையால் சுற்றியிருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தது.

"அக்கா, வலது கண்ணத் தொறக்க மாட்டேங்கா. வெள்ளையாத் தெரியுது. என்னன்னு பாருங்களேன்."

இமையை மெதுவாக விலக்கினேன். கருவிழியில் பாதிக்கு மேல் பால் ஏடு படிந்தாற்போல இருந்தது. அவள் என் பையனைப் பார்த்தாள். அவன் முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"ஒங்க வீட்டுப் பக்கம் மட்டும் அம்மா திரும்பியே பாக்கல. நீங்க நல்லாக் கும்புட்டிருக்கீங்க. எனக்குத்தான் என்ன கொறன்னு தெரியல" என்றாள். பொறாமையோ குத்தலோ இல்லை. உள்ளபடிக்கே, தன் பக்கம் ஏதோ குறை என்று நம்பித்தான் சொன்னாள். நான், "ஆஸ்பத்திரிக்குப் போவோம், இப்பமே போவோம்" என்று மட்டும் சொன்னேன்.

திருநெல்வேலிக்கு நானும் கூடப் போனேன். அவள் புருஷன், அவள், நான். கண் டாக்டர் ஒரு பெண். பிள்ளையின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சீட்டில் எழுதினார். பிறகு கேட்டார்.

"மணல்வாரி ஊசி போட்டீங்களாம்மா?"

"இல்லம்மா. எங்க பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கிடாது."

"ஒத்துக்கிடாதுன்னு யாரு சொன்னா?"

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊர்ல எல்லாரும் சொல்லுதாவ" என்றாள்.

அவள் சொன்ன அந்த ‘எல்லாரும்’ நான் ஒருத்திதான். பிள்ளையின் துணிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர், "அடுத்த கண்ணக் காப்பாத்திரலாம். சத்து மருந்து தாரேன். இந்தக் கண்ணுல இனிமே பார்வை வராது" என்றார். அவள் புரியாதவள் மாதிரி, "எப்ப வரும்மா?" என்று கேட்டாள். அவள் புருஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்தக் கேள்விக்கு அந்த டாக்டர் இன்னொரு முறையும் பொறுமையாகப் பதில் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளை என் மடியில் தூங்கியது. "ஒங்க கை பட்டா ஒறங்குதா பாருங்க" என்றாள்.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று இருக்கும். பிள்ளைக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுப்பேன், முருங்கைக் கீரை கொடுப்பேன், பையனுக்கு எடுக்கும்போது அந்தப் பிள்ளைக்கும் கவுன் எடுத்துக் கொடுப்பேன். ஊரில் என்னை நல்ல மனசுக்காரி என்றார்கள். பிள்ளை நடக்கப் பழகும்போது வலப்பக்கம் இருப்பதெல்லாம் இடிக்கும். கல்தொட்டி, கதவு நிலை, மாட்டின் கொம்பு. அதற்காகவே கழுத்தை வலப்பக்கமாகத் திருப்பித் திருப்பி நடக்கக் கற்றுக்கொண்டது. மூன்று வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவளுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. நர்சம்மா அதே பெட்டியோடு வந்துகொண்டுதான் இருந்தார். ஒரு புதன்கிழமை காலையில் நான் குப்பை கொட்டப் போனபோது, அவள் கைப்பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் குத்தவைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தாள். "நர்சம்மா தேடுதாவ. நீங்க பாத்தேன்னு சொல்லிராதீங்க" என்றாள்.

குப்பைக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தேன். திரும்பப் பட்டிக்குப் போனேன்.

"இது என்னன்னு தெரியுதா?"

"ஊசி போடுற அட்டை. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கே."

"இது எம்பையனோடது. இந்தா, எத்தன முத்திரைன்னு எண்ணிப் பாரு."

அவள் விரலை வைத்து எண்ணினாள். கடைசி முத்திரையில் விரல் நின்றது.

"இது எங்கன போட்டது?"

"கோவில்பட்டில."

"எப்ப?"

"அப்பமே. முழுசும் அப்பமே போட்டுட்டேன். மணல்வாரி ஊசியும் போட்டேன். ஊசி நல்ல ஊசிதான்னு டாக்டர் மொத நாளே சொன்னாரு. நான் ஒங்கிட்ட மறைச்சுட்டேன். நர்சம்மா ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாவ, அதையும் சொல்லல."

வெள்ளாடு ஒன்று அவள் சேலை நுனியைச் சவைத்துக்கொண்டிருந்தது. அவள் அதை இழுக்கவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அம்ம வந்தப்ப, ஒங்க வீட்டுக்கு மட்டும் வரலன்னு நான் சொன்னேம்லா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

"பயந்துட்டேன்."

"எதுக்கு?"

என்ன சொல்ல? அடிபம்படியில் தலை குனிய வேண்டி வரும் என்பதற்காக. "என்னைய அடிச்சாலும் சரி, வஞ்சாலும் சரி. இந்தப் பிள்ளைக்குப் போட்டுரு. காலப் பிடிக்கேன்" என்றேன். குனியக்கூடப் போனேன். அவள் எழுந்து ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"போங்க" என்றாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நீங்க போங்க. எனக்கு ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்."

அன்று அவள் வரவில்லை. அடுத்த மாதப் புதன்கிழமை நான் பால்வாடி வாசலிலேயே நின்றேன். பத்து மணி இருக்கும். இடுப்பில் கைப்பிள்ளை, கையில் மூத்தவளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைக் கடந்து உள்ளே போனாள். நர்சம்மா ஊசி போடும்போது பிள்ளை கத்தியது. மூத்தவள் தம்பியின் காலைத் தடவிக் கொடுத்தாள். "காய்ச்சல் வரும், பயப்படாதீங்க" என்று நர்சம்மா வழக்கம்போலச் சொன்னார். "தெரியும்" என்றாள் அவள்.

அவர்கள் போன பிறகு நான் நர்சம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஊசிகளை ஒதுக்கிக்கொண்டே, "நீங்க என்னயத் திட்டுனதெல்லாம் நான் அன்னைக்கே விட்டுட்டேன். அந்தப் பிள்ளைய நெனச்சாத்தான்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். விலக்கு வரைக்கும் கூடப் போய்ப் பெட்டியை வாங்கிச் சுமந்தேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைக் கூப்பிடுவேன். தயங்குகிற வீட்டில் என் கதையைச் சொல்வேன். ஆனால் முழுக்கச் சொல்லமாட்டேன். என் பையனுக்கு வீங்கியதையும், பிறகு ஒன்றும் ஆகாததையும் சொல்வேன். கடைசி வீட்டுப் பெயர் வரும் இடத்தில் நிறுத்திக்கொள்வேன். போலியோ சொட்டு மருந்து முகாம் வந்த வருஷங்களில் எங்கள் ஊரில் ஒரு பிள்ளை விடாமல் கொடுத்தோம். அதற்கு என்னைத்தான் பாராட்டினார்கள். அவள் கேட்டுக்கொண்டே தெருவில் நடந்து போவாள். என்னிடம் ஆயிரம் நாள் பேசியவள், வழியில் கண்டால் தேவைக்கு ஒரு வார்த்தை பேசுவாள். அதில் கோபம் தெரியாது. ஊரில் ஒருவரிடமும் அவள் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் தாங்காது.

அந்தப் பெண் வளர்ந்தாள். நன்றாகப் படித்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். "அம்மாதான் ஒங்ககிட்ட எழுதி வாங்கச் சொல்லுச்சு, பெரியம்மா. பென்சில்ல எழுதித் தாங்க, நான் மேல பேனாவால எழுதிக்கிடுதேன்" என்றாள்.

பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் எழுதினேன். அங்க அடையாளம் இரண்டு கேட்டிருந்தார்கள். "கையில மச்சம் எதும் இருக்கா?" என்று கேட்டேன்.

"மச்சம் எதுக்குத் தேடணும் பெரியம்மா? வலது கண்ணில் வெள்ளைத் தழும்புன்னு எழுதுங்க. அதவிட வேற என்ன அடையாளம் வேணும்?" என்று சிரித்தாள்.

பென்சிலைக் கீழே வைத்தேன். "அது எப்படி வந்ததுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மணல்வாரில போச்சு. ஊசி போடாம விட்டுட்டோம்னு அம்மா சொல்லுச்சு."

"ஏன் போடலன்னு சொன்னாளா?"

"அப்பல்லாம் யாருக்கும் தெரியாதுல்ல பெரியம்மா" என்றாள்.

ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டிருக்கலாம். அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். நல்ல கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். இரண்டாவது அடையாளமாக இடது முழங்காலில் இருந்த ஒரு காயத் தழும்பை எழுதினேன். பிழை இருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அவள் தாளை வாங்கிக்கொண்டு போனாள்.